நூறு மைல் ஓடும் குதிரையின் குருதி

கலிபோர்னியாவில் 1955 இல் தொடங்கிய ரெவிஸ் கப் ஓட்டத்தில், குதிரை ஓர் ஆளைச் சுமந்துகொண்டு 100 மைல் மலைப்பாதையை 24 மணித்தியாலத்துக்குள் கடக்கவேண்டும். இத்தகைய நெடுந்தூர ஓட்டங்களில் இடையிடையே மிருக வைத்தியர்கள் குதிரையை மறித்துப் பரிசோதிப்பார்கள். சர்வதேசப் போட்டிகளில், இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64 க்கு இறங்காவிட்டால் அந்தக் குதிரை விலக்கப்படும். தனக்கு நோகிறது என்று குதிரை சொல்லாது. குருதிப் பரிசோதனைக்கு மதிப்பு வருவது அதனால்தான்.

ஆனால் ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓய்வில் இருக்கும் குதிரையின் குருதியில் செங்குழியங்களின் பங்கு ஏறத்தாழ 40 வீதம். வேகமாக ஓடினால் அது 60 வீதம் வரை ஏறலாம். மண்ணீரல் தன் சேமிப்பைத் திறந்துவிடுவதே காரணம். உடலில் நீர் வற்றினாலும் இதே எண்தான் ஏறும். எது உண்மை என்று அறிய மொத்தப் புரதத்தையும் பார்க்கவேண்டும். அதுவும் கூடியிருந்தால் நீர் வற்றியிருக்கிறது. வங்கி மீதியை மட்டும் பார்த்து ஒரு கடையின் நிலையைச் சொல்ல என்னைப் போன்ற கணக்காளர்கள் துணியமாட்டோம். இதுவும் அப்படித்தான்.

வியர்வைதான் பெரிய செலவு. வெயிலில் மணிக்கு 10 லீற்றருக்கு மேலும் போகலாம். எமது வியர்வையைவிடக் குதிரையின் வியர்வையில் உப்பு மிக அதிகம். நீரோடு உப்பும் சேர்ந்து போவதால் குருதியில் உப்பின் செறிவு ஏறுவதில்லை. ஆகவே தாகமும் எடுப்பதில்லை. வற்றிப்போன குதிரை தண்ணீர்த் தொட்டியைத் திரும்பியும் பாராமல் நிற்பது இதனால்தான். குளோரைட்டு, பொட்டாசியம், கல்சியம் மூன்றும் குறையும்போது, இதயம் துடிக்கும் ஒவ்வொரு தடவையும் உதரவிதானம் சுருங்கி விலாப்புறம் வெட்டி வெட்டி இழுக்கும். அதைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தவேண்டும்.

தசை சேதத்தைக் காட்டுபவை இரண்டு நொதியங்கள். கிரியற்றின் கைனேஸ், ஓடி முடித்துச் சில மணித்தியாலங்களில் உச்சத்துக்கு ஏறி விரைவில் இறங்கிவிடும். ஏஎஸ்ரி ஒரு நாள் அளவில் உச்சத்துக்கு வந்து, இறங்குவதற்கு நாட்கள், சிலவேளை வாரங்கள் எடுக்கும். முதலாவது சாதாரணமாகவும் இரண்டாவது கூடியும் இருந்தால், அது பெரும்பாலும் பழைய சேதம். நல்ல சுகத்தோடு ஓடி முடித்த குதிரையிலும் கிரியற்றின் கைனேஸ் பல மடங்கு கூடியிருக்கலாம் என்பதால், அந்த எண்ணைக் கொண்டு வெற்றி தோல்வியைக் கணிக்க முடியாது. அதே குதிரையின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள். பந்தயக் குதிரைகளில் பெரிதாகப் பேசப்படும் லக்ரேற் இங்கே அதிகம் உதவாது. நிதானமான ஓட்டத்தில் அது ஏறுவதே குறைவு.

குருதி எடுத்த நேரத்தையும் எழுதிவைக்கவேண்டும். நேரம் இல்லாத அறிக்கை, திகதி இல்லாத பற்றுச்சீட்டு.