மோரீசுத் தீவின் காடும் வரைபடமும்

சிறு தீவொன்றில் காடு அழிந்தால் அதன் விளைவு நெடுநாள் மறைந்திராது. மலைச்சரிவில் மரம் குறையுமாயின் மண் கரைந்து கடலைச் சேரும். ஓடைகள் கோடையில் மெலியும். பெருநிலப் பரப்பில் மெல்லப் புலனாகும் இவ்வுண்மை, தீவில் விரைவிலேயே கண்கூடாகிவிடுகிறது. இவ்வாறு உலகுக்குப் பாடம் கற்பித்த தீவுகளுள் ஒன்று இந்துமாக்கடலிலுள்ள மொரீஷியஸ். தமிழர் அதனை மோரீசு என்றும் வழங்குவர். காட்டை இழந்த அத்தீவு, வரைபடத்தின் துணைகொண்டு அதனை மீட்க முயலும் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

மொரீஷியஸின் பரப்பு ஏறத்தாழ 1,865 சதுர கிலோமீட்டர். 1638-இல் ஒல்லாந்தர் அங்குக் குடியேறியபோது தீவு பெரும்பாலும் காடாகவே இருந்தது. அவர்கள் கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தனர். ஜாவாவிலிருந்து மான்களையும் கொணர்ந்து விட்டனர். 1710-இல் அவர்கள் நீங்கிய பின்னர், பிரெஞ்சுக்காரர் 1721 முதல் அங்குக் குடியேறலாயினர். 1735-இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞரை வரவழைத்தார். அவர்களுள் தமிழர் பலர். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.

1753-இல் லக்காய் என்னும் பிரெஞ்சு வானநூலறிஞர் முக்கோண அளவை முறையால் அத்தீவை அளந்தார். அவ்வளவையின் பயனாகத் தீவின் உருவம் திருத்தமாகத் தாளில் அமைந்தது. ஆயினும் அக்கால அளவைகள் காட்டைக் காக்க எழுந்தவை அல்ல. கப்பலோட்டவும், சாலை போடவும், குடியேறுவோர்க்கு நிலம் பங்கிடவும் பயன்பட்டவை.

இந்நிலையில் 1767 முதல் 1772 வரை ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த பியேர் புவாவ்ர், காடு மழையையும் மண்ணையும் காக்கிறது என்னும் கொள்கையுடையவர். 1769-இல் பிறந்த சட்டம், ஒவ்வொருவரும் பெற்ற நிலத்தில் நாலில் ஒரு பங்கைக் காடாகவே விட்டுவைக்க வேண்டும் என்றது. மலைச்சரிவுகளையும் நீர்நிலைகளின் ஓரங்களையும் சிறப்பாகக் காக்குமாறு விதித்தது. மரத்தை வெட்டாதீர் என்று பொதுவாகச் சொல்லாமல், இன்ன இடத்தில் இவ்வளவு என்று அளவு கூறியதே இதன் சிறப்பு.

எனினும் சட்டம் இருந்தும் காடு சுருங்கியது. 1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர்க் கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் பல்லாயிரவர் கப்பலேறினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழரும் அவர்களுள் அடங்குவர். கரும்பு வளர வளர, காடு மலையுச்சிகளை நோக்கி ஒதுங்கிற்று. நிலைமையை ஆராய இந்திய வனத்துறையினரே அழைக்கப்பட்டனர்: 1880-இல் தாம்சனும், 1904-இல் கிளீடோவும் அறிக்கை அளித்தனர்.

1937-இல் வாகன், வீஹே என்னும் தாவரவியலறிஞர் இருவர் பெரும்பணி ஒன்றை வெளியிட்டனர். 1773, 1835, 1872 ஆகிய ஆண்டுகளில் காடு இருந்த நிலையைத் தம் காலத்து நிலையோடு அடுத்தடுத்த படங்களாக அவர்கள் வைத்துக் காட்டினர். பக்கம் பக்கமாக எழுதியும் உணர்த்த இயலாததை அப்படங்கள் ஒரு நோக்கில் உணர்த்தின. நிலத்தைப் பங்கிட்ட கலையே இழப்பைக் கணக்கிடும் கலையாயிற்று.

ஆயினும் வரைபடமும் நம்மை ஏமாற்றக்கூடும். மரமுள்ள இடத்துக்கெல்லாம் பச்சை வண்ணம் தீட்டினால், தீவில் நாலில் ஒரு பங்கு காடு என்று தோன்றும். ஆனால் அதில் பைன், தைலமரம் முதலிய அயல்மரத் தோப்புகளும், சீனக் கொய்யாப் புதர்களும் அடக்கம். மண்ணுக்குரிய மரங்கள் செறிந்த நல்ல காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கினும் குறைவே. எனவே மரம் உண்டா என்று வினவுவது போதாது. எம்மரம் என்றும் வினவுதல் வேண்டும். 1997-ஆம் ஆண்டின் தாவர அளவாய்வு இவ்வினாவோடு புறப்பட்டு, முதலில் காக்கவேண்டிய காடுகளை இனங்கண்டது.

நடுவதற்குத் திட்டமிடுவோர் உயரம், மழை, மண், எஞ்சிய காடு ஆகியவற்றின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்குகின்றனர். நடு மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை பெய்ய, மேற்குக் கரையில் 1,000 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. ஓரிடத்தில் தழைக்கும் கன்று மற்றோரிடத்தில் வாடும். ஆதலின் நல்ல காடு எஞ்சிய இடங்களைத் தேர்ந்து, மானும் பன்றியும் புகாவண்ணம் வேலியிட்டு, கொய்யாப் புதரைக் களைந்து, மண்ணுக்குரிய கன்றுகளை நடுகின்றனர். 1994-இல் அமைந்த கறுப்பாற்றுப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவினுள் இத்தகைய அடைப்புகள் உள்ளன. வேலியைக் காப்பதும், மீண்டும் முளைக்கும் புதரைக் களைவதும் ஆண்டுதோறும் நடைபெற வேண்டிய பணி.

நாம் வாழும் மாநிலங்களிலும் மரநடுவிழாக்கள் நடைபெறுகின்றன. இத்தனை ஆயிரம் கன்றுகள் என்னும் கணக்கைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். எவ்விடத்தில், எம்மரம், யார் காப்பது என்னும் மூன்று கேள்விகளையும் அதனோடு சேர்த்துக் கேட்போமாக. வெட்டுவதற்குச் சில ஆண்டுகள் போதும்; மீட்பதற்கோ தலைமுறைகள் வேண்டும் என்பதை மோரீசு நமக்கு உணர்த்துகிறது.