மூல நிரலைப் பொட்டலம் கட்டிய சென்னை

2005இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, கட்டற்ற மென்பொருளுக்கென்றே ஒரு தேசிய ஆதார மையத்தைத் தொடங்கியது. என்.ஆர்.சி.ஃபாஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். அந்த மையம் டெல்லிக்கோ பெங்களூருக்கோ போய்விடவில்லை. பாதி வேலை மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளைக்கு, மறுபாதி தாம்பரத்துக்கு முன்னால் இருக்கும் குரோம்பேட்டைக்கு.

குரோம்பேட்டையில் அதை ஏற்றது, எம்.ஐ.டி. வளாகத்துக்குள் இயங்கும் ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையம். எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, 1949இல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி. அப்துல் கலாம் விமானவியல் படித்தது அங்கேதான். அதே கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் எக்ஸோடஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கே.பி. சந்திரசேகரின் நன்கொடையில் எழுந்தது அந்த ஆராய்ச்சி மையம். ஆட்களைத் தயார் செய்வது குரோம்பேட்டையின் பொறுப்பு. மென்பொருளைத் தயார் செய்வது சி-டாக்கின் பொறுப்பு.

ஆட்களை ஏன் தனியாகத் தயார் செய்ய வேண்டும்? கட்டற்ற மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிடும், ஓட வைப்பதுதான் பெரும்பாடு. சோர்ஸ் கோடை, அதாவது மூல நிரலைப் பிரித்து, 'கன்ஃபிகர்', 'மேக்', 'மேக் இன்ஸ்டால்' என்று மூன்று கட்டளைகள் கொடுத்தால் போதும் என்பார்கள். முதல் கட்டளையிலேயே ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று நின்றுவிடும். அதைத் தேடிப்பிடித்துக் கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றப் போனால், அது இன்னொன்றைக் கேட்கும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய 'மேக்' கருவிக்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு. அதன் கட்டளை வரி டேப் விசையில்தான் தொடங்க வேண்டும். எட்டு இடைவெளி விட்டால் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கருவி மட்டும் ஒப்புக்கொள்ளாது. அந்த ஒரு டேப்புக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு நிறுவிய பிறகு, எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பதற்கு ஒரு கணக்கும் இருக்காது. அந்தக் கணக்கை எழுதி வைப்பதுதான் பேக்கேஜ். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் 'டெப்' கோப்பில், மென்பொருளோடு அதன் பெயர், பதிப்பு, கூடவே வேறென்ன வேண்டும் என்ற விவரம் எல்லாம் சேர்ந்தே வரும். மளிகைக்கடைப் பொட்டலத்தோடு சீட்டும் வருவது போல.

2007 ஜனவரியில் சி-டாக் சென்னை வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் இந்த டெபியன் மேல் கட்டியதுதான். இந்திய மொழி எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். டெபியனுக்கு வேறு சட்டை மாட்டியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். பாதி நியாயம்தான். ஆனால் அந்தச் சட்டை தைப்பது லேசான வேலை அல்ல. தமிழ் போன்ற எழுத்துகளை லினக்ஸின் வெறும் எழுத்துத் திரை ஒழுங்காகக் காட்டாது. அதனால் பழைய இன்ஸ்டாலரில் தமிழுக்கு வழியில்லை. டெபியனே வரைகலை இன்ஸ்டாலரைக் கொண்டுவந்தது 2007 ஏப்ரலில், நான்காம் பதிப்பில்தான்.

மூல நிரலைக் கம்பைல் செய்து பொட்டலம் கட்டும் வேலை பிறகு பாடமாகவும் ஆனது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், கணினி அறிவியல் மாணவருக்கு ஏழாம் செமஸ்டரில் 'ஓபன் சோர்ஸ் லேப்' வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை இறக்கிக் கம்பைல் செய்து நிறுவுவது ஒரு பயிற்சி. டெப், அதைப் போன்ற இன்னொரு வகையான ஆர்.பி.எம். பேக்கேஜ்களைக் கட்டிப் பராமரித்து, மற்றவர் எடுத்துக்கொள்ள வைப்பது இன்னொன்று. கட்டளைகளை வெறுமனே ஓட்டினால் போதாது, கட்டும் கருவிகளையே புரிந்துகொள்ள வேண்டும் என்று பாடத்திட்டமே சொன்னது. பாடத்திட்டங்கள் இப்படிப் பேசுவது அபூர்வம். எத்தனை கல்லூரிகளில் அது ரெக்கார்டு நோட்டோடு நின்றதோ, அது வேறு கதை.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். கம்பைல் என்ற சொல்லையே கேட்டிராத பிளஸ் டூ மாணவர் கைக்குச் சென்னையில் கட்டிய பொட்டலம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

பழைய பாஸ் சி.டி.க்கள், லேப் கையேடுகள், பயிற்சி வகுப்புக் குறிப்புகள் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம். எம்.ஐ.டி. நூலகத்திடமோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.