பள்ளிப் பருவத்தில் படுக்கை நனைத்தல்

5 வயதைக் கடந்த குழந்தை உறக்கத்தில் தன்னையறியாமல் சிறுநீர் கழிப்பது படுக்கை நனைத்தல் எனப்படும். 5 வயதில் 100 பேரில் ஏறத்தாழ 15 பேருக்கும், 10 வயதில் 5 பேருக்கும் இது உண்டு, பையன்களிடம் அதிகம். திண்டுக்கல் சமவெளியிலும் விடியும் முன் பாயை அலசிக் காயப்போட்டு, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைக்கிற வீடுகள் உண்டு. பழி பிள்ளை மேல் விழுகிறது: சோம்பல், வீம்பு. உடலியல் இதை ஏற்கவில்லை. இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் வாசோபிரசின் என்னும் ஹார்மோன் சிலருக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொள்ளளவு குறைவு. பை நிறைந்தாலும் விழிக்காத உறக்கம் இவர்களுக்குப் பொது. பெற்றோரில் ஒருவர் சிறுவயதில் நனைத்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 44 விழுக்காடு, இருவருமென்றால் 77. வீம்பு இப்படிப் பரம்பரையாக வராது.

மனக்கவலையால் வருவதில்லையா என்று கேட்கலாம். 6 மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்பத் தொடங்கினால் அந்தக் கேள்வி நியாயமே. அப்போது வீட்டுச் சூழலோடு சிறுநீர்த் தொற்றையும் நீரிழிவையும் சோதிக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே நனைப்பவர்களிடம் காணும் கூச்சமும் பயமும் பெரும்பாலும் விளைவுகள், காரணமல்ல. ராத்திரி தண்ணீரை நிறுத்தினால் போதும் என்பது பாதி உண்மை. வெயில் காயும் இந்தப் பகுதியில், பள்ளிக் கழிப்பறைக்குப் போகத் தயங்கும் பிள்ளை பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர்த்து, சிறுநீரையும் மலத்தையும் அடக்கி, வீடு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறது. இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. ஆகவே சரிசெய்ய வேண்டியது பகல்தான்: குடிநீரில் 40 விழுக்காடு காலையில், 40 மதியத்தில், மாலை 5 மணிக்கு மேல் 20. கேரளப் பள்ளிகளில் 2019இல் தண்ணீர் குடிக்கவென்றே அடிக்கத் தொடங்கிய மணி இங்கும் உதவும், கழிப்பறை சுத்தமாக இருந்தால்.

தானாகச் சரியாகும் என்பதும் மெய்யே. ஆனால் ஆண்டுக்கு 15 விழுக்காட்டினருக்கே சரியாகிறது. 7 வயதுக்கு மேல் காத்திருக்கச் சொல்வது இரக்கமற்றது. வாசோபிரசினைப் போலச் செயல்படும் டெஸ்மோபிரசின் மாத்திரை விரைவில் பலன் தரும், நிறுத்தினால் பலருக்குத் திரும்பும். அதை விழுங்கிய இரவில் அதிகம் தண்ணீர் குடிப்பது ஆபத்து. 1938இல் உளவியலாளர்களான மௌரர் தம்பதியர் விவரித்த, ஈரம் பட்டதும் ஒலிக்கும் மணியின் பலன் நீடிக்கும். ஆனால் முதல் சில வாரங்கள் மணி அடித்தாலும் பிள்ளை எழாது. பெரியவர் ஒருவர் தட்டி எழுப்பி, கழிப்பறைவரை நடத்திப் போக வேண்டும், இரண்டு மூன்று மாதம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் தாயோ தந்தையோ நைட் ஷிப்ட் போகும் வீட்டில் அந்தப் பெரியவர் யார் என்பதை மருத்துவர் முதலில் கேட்க வேண்டும்.