சிறைத்தண்டனையும் சட்டமன்ற வேட்புரிமையும்

நெய்வேலியில் முதற் சுரங்கப் பணியை 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் தொடங்கிவைத்தவர் பிரதமர் நேரு. அன்று சென்னை மாநிலத்தின் முதலமைச்சராயிருந்தவர் காமராசர். இருவரும் தம் வாழ்நாளிற் பல ஆண்டுகளைச் சிறையிற் கழித்தவர்கள். நீதிமன்றங்களாற் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டவர்கள். தண்டனை பெற்றோர் பொதுப் பதவிக்குப் போட்டியிடலாமா என்று நம்மிடம் கேட்கப்படும்போது, ‘கூடவே கூடாது’ என உடனே விடையிறுக்க விழைவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

இத்தகுதியின்மை விடுதலை பெற்ற இந்தியா புதிதாய்க் கண்டதன்று. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டமே, இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஐந்தாண்டுகள் கழியும்வரை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகலாகாது என விதித்தது. அக்காலத்தைக் குறைக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. காமராசர் 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இரண்டாண்டுத் தண்டனை பெற்று அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். 1931 மார்ச்சு மாதத்துக் காந்தி-இர்வின் உடன்படிக்கையின் பயனாக விடுதலையானார். 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த தேர்தலிற் சாத்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்து 8ஆம் பிரிவோ, அதே இரண்டாண்டு அளவையை வைத்துக்கொண்டு, விடுதலைக்குப் பின் ஆறாண்டுக் காலம் தடை விதிக்கிறது. இந்த அளவை அன்று இருந்திருப்பின் காமராசருக்கு அத்தேர்தலில் இடமில்லை! சட்டம் தண்டனையின் நீளத்தை எண்ணுகிறதேயன்றி, உப்புக் காய்ச்சியவனையும் ஊர்ப்பணத்தைக் கவர்ந்தவனையும் வேறுபடுத்திக் காண்பதில்லை. 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தீர்ப்புப் பெற்றோரைத் தண்டனையின் அளவு நோக்காமலே தடுத்து, இக்குறையை ஓரளவு நீக்கியது எனலாம்.

இனி, நெய்வேலிக்கு அண்மையில் நிகழ்ந்ததைக் காண்போம். நெய்வேலி நகரியத்தை நிர்வகிப்பது சுரங்க நிறுவனமே. மக்கள் தேர்ந்தெடுத்த நகராட்சி அங்கில்லை. ஆகவே அங்குள்ளோருக்குச் சட்டமன்றத் தேர்தல் தனி முக்கியத்துவம் உடையது. அவர்களுடைய கடலூர் மாவட்டத்திலேயே உள்ளது புவனகிரித் தொகுதி. 2001ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு தொகுதிகளில் ஜெ. ஜெயலலிதா வேட்புமனு அளித்தார். ‘டான்சி’ நில வழக்கில் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மூன்றாண்டுத் தண்டனை பெற்றிருந்தார். உயர்நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்ததே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்திவைக்கவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் நான்கு மனுக்களும் தள்ளப்பட்டன. இருவேறு தொகுதிகளுக்கு மேல் மனு அளித்தல் கூடாது என்ற விதியும் இதில் இடம்பெற்றதாயினும், தலையாய காரணம் தண்டனையே.

அவருடைய கட்சி 132 இடங்களில் வென்றது. மே 14ஆம் நாள், உறுப்பினராயிராத அவருக்கு ஆளுநர் பாத்திமா பீவி முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மக்கள் தீர்ப்பு நீதிமன்றத் தீர்ப்பை வென்றுவிட்டது என ஆதரவாளர் வாதிட்டனர். உச்சநீதிமன்றத்தின் ஐவர் ஆயம் செப்டம்பர் 21ஆம் நாள் இதை மறுத்தது. உறுப்பினராகத் தகுதியற்றவர் ஆறு மாதத்துக்கும் அமைச்சராயிருத்தல் இயலாது. வாக்குகளின் திரள் அரசியலமைப்புக்கு மேற்பட்டதன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். இது சரியான தீர்ப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. தவறியவரை மன்னிப்பதும், பொதுப் பணத்தை அவரிடம் ஒப்படைப்பதும் ஒன்றல்ல என்பதைச் சபைக் கணக்குகளைப் பார்த்துவரும் போதகர் யாவரும் அறிவர்.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2003இல் உச்சநீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தது. மனு தள்ளப்பட்டதற்கும் விடுதலைக்கும் இடையே எட்டு மாதங்கூட இல்லை. கட்சித் தலைவர் 2002இல் ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் வென்று மீண்டும் முதலமைச்சரானார். புவனகிரி வாக்காளருக்கு அந்த வாய்ப்பை மீட்டுத்தருவார் ஒருவருமில்லை. பெயர் பெறாத எளிய வேட்பாளர் ஒருவர் இந்நிலையில் அகப்பட்டிருப்பின், அவருக்கு இடைத்தேர்தலும் வாய்த்திராது.

அக்காலத்தில் இன்னொரு முறைகேடும் இருந்தது. பதவியிலுள்ள உறுப்பினர் மேல்முறையீடு செய்தால் அவருடைய இருக்கை காக்கப்பட்டது. வெளியிலிருந்து போட்டியிட வந்தவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. 2013 ஜூலை 10ஆம் நாள் லில்லி தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை அகற்றியது. அதன் விளைவாகவே 2014 செப்டம்பர் 27ஆம் நாள் சொத்துக் குவிப்பு வழக்கில் நான்காண்டுத் தண்டனை பெற்ற ஜெயலலிதா உடனே பதவியிழந்தார். 2023 டிசம்பரில் மூன்றாண்டுத் தண்டனை பெற்ற அமைச்சர் க. பொன்முடியும் அவ்வாறே பதவியிழந்தார். 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்த பின்னர், ஆளுநரின் மறுப்பையும் கடந்து மீண்டும் அமைச்சரானார். தடையை நிறுத்திவைக்கும் ஆணையை மூன்றே மாதத்திற் பெறுவதற்கு வேண்டிய வழக்கறிஞரும் பொருளும் எல்லார்க்கும் கிட்டுவதில்லை. ஆதலால் தகுதியின்மை விதியைத் தளர்த்துமாறு நாம் கோரவில்லை. தேர்தலில் நிற்கும் உரிமை தொங்கிநிற்கும் மேல்முறையீடுகளை, வேட்புமனுப் பரிசீலனை நாளுக்கு முன்னரே விசாரித்து முடிக்கவேண்டும் என்றே கோருகிறோம்.