ஒரு துண்டு, மூன்று பேர்

2003-ம் வருடம். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி (இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது) அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த நேரம். நம்மூர் ஃபுட்பால் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, குறுக்கே வருகிறவர்களை இடித்துத் தள்ளும் ஆட்டம். அந்த சீசனில் 58 வீரர்களில் 5 பேருக்குத் தோலில் சீழ்க்கட்டி வந்தது. சிலருக்குத் திரும்பவும் வந்ததால் மொத்தம் 8 தடவை. எல்லாமே செயற்கைப் புல்தரையில் விழுந்து சிராய்த்த இடங்களில்!

காரணம் எம்.ஆர்.எஸ்.ஏ. அதாவது, மெதிசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி. பென்சிலினுக்கு மசியாத ஸ்டபைலோகாக்கஸைச் சமாளிக்கத்தான் மெதிசிலினையே கொண்டுவந்தார்கள். 1961-லேயே அதையும் எதிர்க்கும் கிருமி இங்கிலாந்தில் தென்பட்டுவிட்டது. பல வருடங்கள் இதை ஆஸ்பத்திரி நோயாளிகளின் தொல்லை என்றே நினைத்திருந்தார்கள். நல்ல உடற்கட்டோடு இருக்கும் இளைஞர்களுக்கு வந்ததுதான் அதிர்ச்சி.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) விசாரணையில் இறங்கியது. முதலில் மூக்குகளையும் சுற்றுப்புறத்தையும் சோதித்தார்கள். ஒன்றிலும் எம்.ஆர்.எஸ்.ஏ. கிடைக்கவில்லை! வீரர்கள், ஊழியர்கள் என்று 84 பேரில் 35 பேரின் மூக்கில் இருந்தது, மருந்துக்கு அடங்கும் சாதாரண ஸ்டபைலோகாக்கஸ்தான். ஆக, ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடுவதை விட்டு, வீரர்களின் பழக்கங்களைக் கவனித்தார்கள்.

அங்கேதான் விஷயம் இருந்தது. மைதானத்தில் ஒரே துண்டை மூன்று பேர் வரை துடைத்துக்கொண்டார்கள். குளிக்காமலே பொதுச் சுழல்நீர்த் தொட்டிக்குள் இறங்கினார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்ட பயிற்சி உதவியாளர்களுக்குக் கை கழுவ வசதி சரியாக இல்லை. எதிரணியோடு விடாமல் மோதும் இடங்களில் ஆடியவர்களுக்கும், பெருத்த உடம்புக்காரர்களுக்கும்தான் தொற்று அதிகம் வந்தது. இன்னொன்று, இந்த வீரர்கள் வருடத்துக்குச் சராசரியாக 2.6 முறை ஆன்டிபயாடிக் வாங்கியிருந்தார்கள். அதே வயது ஆண்கள் வாங்குவதைப் போல 10 மடங்குக்கும் மேல். சாதாரணக் கிருமியெல்லாம் மாத்திரையில் சாக, சாகாத கிருமிக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். கோடிகளில் சம்பளம் வாங்கும் அணியில், ஆளுக்கொரு துண்டும் ஒரு சோப்பும் இல்லாமல் போனது வேடிக்கைதான்.

உடம்பு உடம்போடு மோதினால்தான் பரவும் என்றும் இல்லை. அதே 2003-ல் கொலராடோவில் வாள்வீச்சு வீரர்களுக்கும் வந்தது. அந்த விளையாட்டில் தோலோடு தோல் படுவதே அபூர்வம், உடம்பு முழுக்க உடை. ஆனால் உடைக்குள் அணியும் உணர்கருவி வயர்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், முறையாகச் சுத்தம் செய்யவில்லை.

சி.டி.சி. சொன்ன வழிகளில் புது மருந்து எதுவும் கிடையாது. காயத்தை மூடிவை, ஆடி முடித்ததும் சோப்புப் போட்டுக் குளி, துண்டையும் ரேசரையும் பகிராதே, பொதுக் கருவிகளைத் துடைத்துவை, கட்டி வந்தால் உடனே காட்டு. இவ்வளவுதான். பாட்டியே சொல்லியிருப்பார்.

ஆனாலும் பத்து வருடம் கழித்து, 2013-ல், டாம்பா பே பக்கனியர்ஸ் அணியில் மூன்று பேருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. வந்தது. அவர்களில் ஒருவரான லாரன்ஸ் டைன்ஸ் பந்தை உதைப்பதற்கென்றே இருந்தவர். அவருக்குத் தொற்று வந்தது கால்விரலில். அதற்குப் பிறகு அவர் ஒரு என்.எஃப்.எல். ஆட்டத்திலும் இறங்கவில்லை.