தோட்டாவின் கொழுப்பு

திருகோணமலைக் கோட்டையை 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அங்கே கோணேசர் ஆலயத்தை வழிபடச் செல்வோர் கண்ணிற்படுவன பழைய பீரங்கிகளும் மதில்களுமே. ஆயினும் அக்காலப் படையின் வலிமை பீரங்கியில் மட்டும் இருந்ததன்று. சிப்பாயின் பையிலிருந்த சிறு காகிதத் தோட்டாவிலும் இருந்தது. அத்தோட்டாவிற் பூசிய கொழுப்பு காரணமாக 1857இல் வட இந்தியாவிற் பெருங்கிளர்ச்சி மூண்டது. இலங்கையில் நின்ற 37ஆம் படைப்பிரிவையும் அதன் பொருட்டுக் கல்கத்தாவுக்கு அனுப்ப நேர்ந்தது.

கொழுப்பு எதற்காக? என்பீல்ட் துப்பாக்கியின் குழாய்க்குள்ளே சுழல்வரிகள் வெட்டப்பட்டிருந்தன. குழாயின் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இடைவெளி அத்துணை சிறிது. கருமருந்தோ எரிந்தபின் கரியையும் கசட்டையும் விட்டுச் செல்லும். சிலமுறை சுட்டதும் அடுத்த குண்டு குழாய்வாயினின்று இறங்க மறுக்கும். ஆகவே தோட்டாக் காகிதத்தின் குண்டுப் பக்கத்தைக் கொழுப்பும் தேன்மெழுகும் சேர்ந்த கலவையில் தோய்த்தனர். அது குண்டை வழுக்கச் செய்யும், கசட்டையும் இளக்கும்.

கலவையைத் தேர்வதும் எளிதன்று. கொழுப்பு மிகுந்தால் வெப்பநாட்டுக் கிடங்கில் உருகிக் காகிதத்தில் ஊறிவிடும், ஈயத்தையும் அரிக்கும். மெழுகு உருகுவதற்கு ஏறத்தாழ 62 பாகை வெப்பம் வேண்டும். பிற்காலத்தில் மெழுகின் பங்கைக் கூட்டியமைக்கு இதுவே காரணம். 1853இல் பூச்சிட்ட தோட்டாக்களைக் கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களுக்கு அனுப்பி, வெயிலில் அவை எவ்வாறு தாங்குகின்றன என்று பார்த்தனர். பூச்சு சாதிக்கும் சமயத்துக்கும் மாறானதாக இருத்தலாகாது என்று கர்னல் டக்கர் அவ்வாண்டிலேயே எச்சரித்து எழுதினார். வெயிலைச் சோதித்தவர்கள் இதனைச் சோதிக்கவில்லை. எந்த விலங்கின் கொழுப்பு என்று ஆயுதசாலையில் எவரும் கேட்டிலர்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய கதையன்று. 1806இல் வேலூர்க் கோட்டையில் புதிய தலைப்பாகையினால் விளைந்த விபரீதம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்ட பாடம்.

தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழிப்பதே படைப்பயிற்சி முறை. கொழுப்பு பசுவினதாயின் இந்துவுக்கும், பன்றியினதாயின் இஸ்லாமியருக்கும் அது வாயிற்படலாமோ? 1857 ஜனவரியில் டம்டம் ஆயுதசாலைத் தொழிலாளி ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயின் செம்பில் நீர் கேட்டான். சாதி கருதிச் சிப்பாய் மறுக்கவே, விரைவில் நீரே சாதி இழக்கப்போகிறீர் என்று அவன் ஏளனம் செய்தான். செய்தி பரவிற்று. அதே மாதம் 27ஆம் நாள், பூச்சில்லாத தோட்டாக்களையே கொடுக்கவும், சிப்பாய்கள் தாமே விரும்பியதைப் பூசிக்கொள்ளவும் அரசாங்கம் கட்டளையிட்டது. பின்னர், கடியாமற் கையினாற் கிழிக்கவும் இடமளித்தது. எனினும் மாற்றமே ஐயத்தை வளர்த்தது: குற்றமில்லையேல் ஏன் மாற்றவேண்டும்? காகிதத்தின் மினுமினுப்பிலும் கொழுப்பைக் கண்டனர்.

ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் 90 குதிரைப்படையினரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று கொடுக்கப்பட்டவை அவர்கள் முன்பே கையாண்டு வந்த பழைய வகைத் தோட்டாக்கள். மே 9இல் அவர்களுக்கு விலங்கிட்டனர். மறுநாள் மீரட் பற்றியெரிந்தது.

1866இல் ஸ்னைடர் துப்பாக்கி வந்தது. தோட்டா பின்புறமாகச் செருகப்பட்டது. கடித்துக் கிழிக்கும் வேலை ஒழிந்தது. குண்டுக்குப் பூச்சு மட்டும் அப்பொழுதும் தேவைப்பட்டது. அதற்குத் தேன்மெழுகையே தேர்ந்தனர்.