அடிப்பொடி

எங்கள் பல்லேகமவில் வயலிலிருந்து வருகிறவர்கள் வாசலில் காலைக் கழுவிவிட்டே வீட்டுக்குள் நுழைவார்கள். அப்படிக் கழுவிவிடுகிற மண்ணை ஒருவர் தமக்குப் பெயராகச் சூடிக்கொண்டார். அந்தப் பெயரை அண்மையில் வகுப்பில் எழுதினேன்: தொண்டரடிப்பொடி ஆழ்வார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நம் நாட்டில் பொடியன் என்றால் சிறுவன். பொடி என்றால் மூக்குப்பொடி. சிரிப்பு அடங்கியதும் தோட்டத்து மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், தன்னைக் காலடித் தூசி என்று சொல்வது அடிமைத்தனம் இல்லையா?"

தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வியல்ல அது.

அடி என்பது பாதம்; பொடி என்பது துகள். பாதத்தில் ஒட்டிய மண்துகளே அடிப்பொடி. சோழநாட்டு மண்டங்குடியில் அந்தணர் குலத்தில் பிறந்த விப்பிரநாராயணர், திருவரங்கத்தில் நந்தவனம் வளர்த்து, மாலை கட்டித் தொண்டு செய்தார். 45 பாசுரங்கள் கொண்ட திருமாலையும் 10 பாசுரங்கள் கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் அவர் பாடியவை.

அவர் தம்மை இறைவனின் அடிப்பொடி என்று சொல்லவில்லை. தொண்டரின் அடிப்பொடி என்றார். தாழ்ந்த குலத்தவர் எனப்படுவோரும் அடியவரானால் அவர்களைத் தொழுங்கள் என்று திருமாலையில் உயர்குலத்தாரை நோக்கிச் சொன்னார். ஆகவே இச்சொல் தாழ்ந்தவனை மேலும் தாழ்த்தவில்லை. உயர்ந்தவன் என்று நிமிர்ந்து நின்றவனைக் குனிய வைத்தது.

பிற்காலத்தில் இச்சொல் பக்தியிலிருந்து இலக்கியத்துக்கும் வந்தது. காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன், 'கம்பன் அடிப்பொடி' என்றே அறியப்பட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மாணவனைப் பார்த்தேன். "தம்பி, பிறர் உன்னைத் தூசி என்றால் அது அடிமைத்தனம்தான். ஒருவர் தாமே விரும்பி, எளியவர் பாதத்தைப் பெரிதென்று கொண்டால் அது அன்பு" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "எங்கள் பூட்டன் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவராம் சேர்" என்றான்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக அந்தக் காட்டுவழியே நடந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அவர்களுடைய பாதங்களில் ஒட்டிய புழுதியை யாரும் பெயராகச் சூடிக்கொள்ளவில்லை.

நேயர்களே, அடிப்பொடி என்ற சொல்லை இனிக் கேட்கும்போது அந்தப் பாதங்களும் என் நினைவுக்கு வரும்.